திரை தந்த பிள்ளை

சின்ன காஞ்சிபுரத்தில் திருவெஃகா என்னும் பழைய திருமால் கோயில் உள்ளது. பாம்பணைமேல் பள்ளிகொண்ட அத்திருமாலைக் கூறும் தொன்னூல்களுள் ஒன்று, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை. அதன் பாட்டுடைத் தலைவன், கச்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். திரை என்றால் அலை. கடற்கரையினின்றும் தொலைவிலுள்ள நெசவூரின் மன்னனுக்கு இப்பெயர் எவ்வாறு வாய்த்தது?

14ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் நச்சினார்க்கினியர் தம் உரையில் ஒரு கதை சொல்கிறார். நாகபட்டினத்துச் சோழன் ஒருவன் பிலத்தின் வழியே நாகருலகம் சென்று, நாககன்னி ஒருத்தியைக் கூடினான். பிறக்கும் மகனை என் செய்வது என்று அவள் கேட்டாள். தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடுக. கரையேறினால் அரசுரிமை தருவேன் என்றான். அலை கொணர்ந்தமையால் பிள்ளை திரையன் ஆனான்.

மணிமேகலையிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. நாகநாட்டு இளவரசி பீலிவளை, சோழனுக்குப் பெற்ற மகனை மணிபல்லவத் தீவில் கம்பளச் செட்டி என்னும் வணிகனின் கப்பலில் ஏற்றி அனுப்புகிறாள். கப்பல் கவிழ்கிறது. மகனைத் தேடித் திரிந்த மன்னன் இந்திர விழாவை மறக்கிறான். புகாரைக் கடல் கொள்கிறது. பிள்ளை கரை சேர்ந்ததாகக் காப்பியம் கூறவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கியோர் பிற்கால ஆய்வாளரே. பெரும்பாணாற்றுப்படையோ திரையால் வந்த மரபினன் என்று மட்டுமே குறிக்கிறது. மரபின் பெருமை உரையில் மன்னனது பிறப்புக் கதையாகிவிட்டது என்பதே நம் கருத்து.

அந்தலூசிய அறிஞர் இப்னு துஃபைல் (மறைவு 1185) எழுதிய ஹய்யு இப்னு யக்ளானை அரபி பயின்றோர் அறிவர். அதில் சொல்லப்படும் இரு பிறப்பு வரலாறுகளுள் ஒன்றில், மன்னனின் சகோதரி தன் இரகசிய மணத்துக் குழந்தையைப் பேழையிலிட்டுக் கடலில் விடுகிறாள். பேழை மக்களற்ற தீவில் ஒதுங்க, மான் ஒன்று பாலூட்டுகிறது. அங்கே தந்தையைத் தேடும் பேச்சே இல்லை. திரையனுக்கோ கடலைக் கடந்தது மட்டும் போதவில்லை. தன்னை இன்னார் மகனென்று காட்டக் கொடி ஒன்று வேண்டியிருந்தது. மூவேந்தருள் அடங்காத தொண்டையர்க்குச் சோழரோடு உறவு தேவைப்பட்டமையே அக்கொடியின் பொருள் எனலாம்.

காஞ்சியும் அத்தீவை மறக்கவில்லை. மணிபல்லவத்தில் இருந்தவை போன்றே ஒரு பொய்கையும் பொழிலும் இங்கு இளங்கிள்ளி என்னும் மன்னனால் அமைக்கப்பட்டன என்று மணிமேகலை சொல்கிறது.