பெயர் போன இடமும் வேலை நின்ற இடமும்



போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு போன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாக வேலை செய்கிறான். பெயர் வேண்டாம், கம்பெனியும் வேண்டாம்.

"சார், எங்க கம்பெனிய இன்னொரு கம்பெனியோட சேர்க்கப் போறாங்கன்னு வாட்ஸ்அப்புல ஓடிக்கிட்டே இருக்கு. ஒரு நாள் வித்தாச்சுங்கறாங்க, மறுநாள் இல்லங்கறாங்க. வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடணும். நம்புறதா வேண்டாமா, சொல்லுங்க சார்."

மறைமலை நகரில் ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை நிறுத்தியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவன். அவன் பயம் வீண் பயமில்லை.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துவிட்டு சாக்பீஸ் பிடித்தவன். கம்பெனி விவகாரம் எனக்கு என்ன தெரியும்? ஆனால் பழைய கதை ஒன்று தெரியும். அதைத்தான் அவனுக்குச் சொன்னேன். அங்கங்கே விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். டீயை வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊருக்கு வந்த பஸ்ஸின் முகப்பில் 'லேலண்ட்' என்று எழுதியிருக்கும். யாரோ ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர் என்று நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதியில் உள்ள ஓர் ஊரின் பெயர். 1896-ல் அங்கே நீராவி வண்டி செய்யத் தொடங்கிய கம்பெனி, பின்னாளில் ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது.

அந்தப் பெயர் எண்ணூருக்கு எப்படி வந்தது? 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஒரு கம்பெனி, இங்கிலாந்தின் ஆஸ்டின் கார்களை இங்கே பூட்டி விற்பதற்காகத் தொடங்கியது. 1950-ல் லேலண்டோடு ஒப்பந்தம். 1955-ல் லேலண்ட் பங்கு போட்டது, அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. இந்த ஆஸ்டின், லேலண்ட் இரண்டு பெயரையும் நினைவில் வையுங்கள்.

இப்போது இங்கிலாந்துக்குப் போவோம். பர்மிங்ஹாம் பக்கம் லாங்பிரிட்ஜில் 1905-ல் தொடங்கியது ஆஸ்டின். ஆக்ஸ்போர்டு பக்கம் கௌலியில் 1913-ல் கார் செய்ய ஆரம்பித்தது மோரிஸ். நம் அம்பாசடரின் மூலம் மோரிஸ் ஆக்ஸ்போர்டு கார்தான். இரண்டு கம்பெனியும் பல வருடப் போட்டியாளர்கள். 1952-ல் ஒன்றாகச் சேர்ந்தன.

சேர்ந்தன என்று சொல்கிறோமே தவிர, ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்த கதைதான். 1959-ல் வந்த புகழ்பெற்ற மினி காரை ஆஸ்டின் பெயரிலும் விற்றார்கள், மோரிஸ் பெயரிலும் விற்றார்கள். கார் ஒன்றே, பெயர்ப் பலகைதான் வேறு.

1968-ல் அரசாங்கமே ஊக்கம் கொடுத்து, லேலண்டையும் இவர்களையும் சேர்த்து வைத்தது. ஆஸ்டின், மோரிஸ், எம்ஜி, ஜாகுவார், ரோவர், டிரையம்ப், லேண்ட் ரோவர் எல்லாம் ஒரே குடை. பிரிட்டிஷ் லேலண்ட் என்று பெயர். ஏறக்குறைய 2 லட்சம் தொழிலாளர்கள். பெரிதானால் பலம் என்பது கணக்கு. நடந்தது வேறு. ரோவர் 2000, டிரையம்ப் 2000 என்று சொந்த வீட்டுப் பிள்ளைகளே ஒரே வாடிக்கையாளருக்கு அடித்துக்கொண்டார்கள். வேலைநிறுத்தம், தரக்குறைவு, வெளிநாட்டுக் கார்களின் போட்டி எல்லாம் சேர்ந்துகொண்டன. 1975-ல் அரசாங்கமே கம்பெனியைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகுதான் வதந்திக் காலம்.

1986 தொடக்கத்தில் ஒரு செய்தி கசிந்தது: கார் பிரிவை ஃபோர்டுக்கும், லாரியையும் லேண்ட் ரோவரையும் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் கொடுக்க அரசு பேசிக்கொண்டிருக்கிறது. செய்தி உண்மைதான். பாராளுமன்றத்தில் பெரிய அமளி. இரண்டு பேச்சும் முறிந்தன. இதிலிருந்து ஒரு பாடம்: வதந்தி உண்மையாக இருந்தாலும் விற்பனை நடக்காமல் போகலாம்.

1988-ல் ரோவர் என்று பெயர் மாறியிருந்த அந்தக் கம்பெனியை, விமானம் செய்யும் பிரிட்டிஷ் ஏரோஸ்பேஸுக்கு 15 கோடி பவுனுக்கு அரசு விற்றது. ஐந்து வருடம் கைமாற்றக் கூடாது என்று நிபந்தனை. அந்தக் கெடு முடிந்த சில மாதங்களில், 1994 ஜனவரியில், ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ 80 கோடி பவுனுக்கு வாங்கிக்கொண்டது. 1979-லிருந்து ரோவரின் கூட்டாளியாக இருந்து, கார் வடிவமைப்பு கொடுத்து, 20 சதவீதப் பங்கும் வைத்திருந்த ஹோண்டாவுக்கு அது பெரிய அதிர்ச்சி. மாப்பிள்ளை என்று ஊரே நினைத்தவர் பந்தியில் உட்கார்ந்திருக்க, தாலி கட்டியவர் வேறு. இது இரண்டாவது பாடம்: ஊர் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும், வருகிறவர் வேறொருவராக இருப்பார்.

2000 மார்ச்சில் பிஎம்டபிள்யூ கையை உதறியது. லேண்ட் ரோவரை ஃபோர்டுக்கு விற்றது. மினியைத் தானே வைத்துக்கொண்டது. ஏப்ரல் 1 அன்று பர்மிங்ஹாம் தெருக்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ஊர்வலம் போனார்கள். மே மாதம் லாங்பிரிட்ஜ் ஆலையையும் ரோவர், எம்ஜி கார்த் தொழிலையும் உள்ளூர்க்காரர்கள் நால்வர் கொண்ட குழுவுக்கு விற்றது. விலை எவ்வளவு தெரியுமா? 10 பவுன். பத்துக் கோடி இல்லை, பத்தே பவுன்.

ஆலை பிழைத்தது என்று மக்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்த வருடம் இன்னொன்றும் நடந்தது, அதுதான் முக்கியம். புதிய மினியை லாங்பிரிட்ஜில் செய்வதாக இருந்தது. பிரித்தபோது மினி லைன் கௌலிக்குப் போயிற்று. கௌலியில் இருந்த ரோவர் 75 லைன் லாங்பிரிட்ஜுக்கு வந்தது. லாரிகளில் இயந்திரங்கள் இடம் மாறின. தலைவிதியும் சேர்ந்து மாறியது.

கௌலியில் 2001-ல் புது மினி தொடங்கியது. முதலாளி ஜெர்மன்காரர், மோரிஸ் பெயர் எங்கும் இல்லை. வேலை இன்றும் நடக்கிறது.

லாங்பிரிட்ஜுக்கு ரோவர் பெயர் இருந்தது, எம்ஜி பெயர் இருந்தது. அடுத்து செய்ய முற்றிலும் புதிய கார் இல்லை. பழைய கார்களையே மெருகேற்றி விற்றார்கள். சீனாவின் ஷாங்காய் கம்பெனி கூட்டுச் சேரும், சேரும் என்று கடைசி வரை பேச்சு. 2005 ஏப்ரலில் அந்தப் பேச்சு முறிந்தது, ஆலை நின்றது. சுமார் 6,000 பேருக்கு வேலை போயிற்று. மேலிடத்து ஐந்து பேர் சம்பளமும் ஓய்வூதியமுமாக 4.2 கோடி பவுன் எடுத்துக்கொண்டார்கள் என்று 2009-ல் வந்த அரசு விசாரணை அறிக்கை சொல்லிற்று.

ஆலை போனபின் பெயர்கள் என்னவாயின? எம்ஜி சீனாவுக்குப் போய், 2019-லிருந்து நம் ஊர்ச் சாலையிலும் ஓடுகிறது. குஜராத்தில் ஹலோலில் செய்கிறார்கள். ரோவர் என்ற பெயரை 2006-ல் ஃபோர்டு வாங்கியது. 2008-ல் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் டாடா வாங்கியபோது அந்தப் பெயரும் கூடவே வந்தது. கார் இல்லாத வெறும் பெயராக இருக்கிறது. லாங்பிரிட்ஜில் ஆலை நின்ற நிலத்தின் பெரும்பகுதியில் இன்று வீடுகளும் கடைகளும் கல்லூரியும்.

நம் அம்பாசடரும் அப்படித்தான். 2014-ல் வங்காளத்து உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நின்றது. 2017-ல் அந்தப் பெயரை மட்டும் பிரெஞ்சுக் கம்பெனி பூஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. செய்தவன் கை சும்மா இருக்க, பெயர் விலை போயிற்று.

கடைசியாக லேலண்ட். அந்த இங்கிலாந்து ஊரிலே டச்சு டாஃப் கம்பெனியோடு சேர்ந்த லாரித் தொழில் 1993-ல் நொடித்தது. உள்ளே இருந்தவர்களே அதைத் தூக்கி நிறுத்தினார்கள். 1998-ல் பாக்கார் என்ற அமெரிக்கக் கம்பெனி வாங்கியது. இன்றும் அங்கே லாரி செய்கிறார்கள், முகப்பில் டாஃப் என்றுதான் எழுதியிருக்கும். பெயர் போயிற்று, வேலை நின்றது. எண்ணூரில் 1987-ல் லேலண்டின் பங்கு இந்துஜா, இவெகோ கைக்குப் போயிற்று. இங்கே பெயரும் நின்றது, வேலையும் நின்றது. பிறந்த ஊரில் லாரி முகப்பிலிருந்து போன பெயர், நம் பஸ்ஸின் முகத்தில் இன்றும் ஓடுகிறது.

ஆகவே தம்பியிடம் சொன்னது இதுதான். "யார் வாங்குறாங்க, யாரோட சேர்றாங்கன்னு போனைப் பார்த்துக்கிட்டு இருக்காதப்பா. அது உன் கையிலயும் இல்ல, உன் மேனேஜர் கையிலயும் இல்ல. உன் லைனைப் பாரு. அடுத்த மாடல் உங்க ஆலைக்குன்னு ஒதுக்கியாச்சா? புது டை, ஃபிக்சர் உள்ள வருதா, இருக்கிறது வெளிய போகுதா? அப்ரெண்டிஸ் பசங்களை எடுக்கிறாங்களா, நிறுத்திட்டாங்களா? பாகம் குடுக்குற வெண்டர்கள் இடத்தைப் பெருசு பண்றாங்களா? பன்னெண்டு வருஷம் அங்க நின்னவன் நீ. இதுக்குப் பதில் வாட்ஸ்அப்பைவிட உனக்குத்தான் நல்லாத் தெரியும்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னான்: "அடுத்த மாடல் பத்தி ஒரு வருஷமா யாரும் வாயத் திறக்கல சார்."

நேற்று இரவு ஒரு வரி அனுப்பியிருந்தான். 'கையெழுத்து போடல சார். ஆறு மாசம் பாக்குறேன். வீட்டுல கோவம்.'

அவன் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணின் கோபமும் நியாயமானதுதான், வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். நான் சொன்னதைக் கேட்டுத்தான் நிறுத்தினான் என்பது இரண்டு நாளாக மனதை அரிக்கிறது. அந்த ஆலைக்குப் புது வண்டி வர வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். வந்தால் கிரகப்பிரவேசத்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

உங்களில் கார் கம்பெனிகளிலும் அவற்றுக்குப் பாகம் செய்யும் பட்டறைகளிலும் வேலை செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் சொன்ன அடையாளங்கள் சரியா, இன்னும் எதைப் பார்க்க வேண்டும் என்று கீழே எழுதுங்கள். அவன் படிப்பான். தவறு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள், இப்போது என் கையில் பிரம்பு இல்லை.

அன்புடன்,
உங்கள் சார்