பெயர் சொல்லாத மாணவர்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஒரே உலையில், ஒரே தீயில் வெந்த அரிசிக்கு அது பொருந்தும். ஆனால் வயலில் விளைந்த தானியத்துக்குப் பொருந்துமா? வரப்புக்கு அந்தப் புறம் ஒரு குணம், இந்தப் புறம் ஒரு குணம். ஒரு மணியைக் கடித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னால் மோசம் போக வேண்டியதுதான்.

இந்தச் சங்கடம் டப்ளின் நகரத்தில் ஒருவருக்கு வந்தது. வில்லியம் ஸீலி காஸெட் என்று பெயர். ஆக்ஸ்போர்டில் ரசாயனமும் கணிதமும் படித்துவிட்டு, 1899-ல் கின்னஸ் கம்பெனியின் பீர்த் தொழிற்சாலையில் உத்தியோகம் ஏற்றார். பார்லியையும் ஹாப்ஸையும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் பணமும் நாளும் செலவு. ஆகவே கையில் கிடைத்தவை சொற்பமான அளவுகள்தாம்.

அக்காலத்துப் புள்ளியியல் நிபுணர்களோ நூற்றுக்கணக்கில் அளந்து பழகியவர்கள். அவர்களுடைய முறை எளிது. "சராசரி இவ்வளவு" என்று ஒருவர் சொன்னால், முதலில் அதை உண்மை என்றே வைத்துக்கொள்வது. பிறகு, எடுத்த மாதிரிகளின் சராசரி அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்ப்பது. மாதிரிகளின் சிதறலை, அவற்றின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஓர் அளவுகோல் கிடைக்கும். விலகல் அந்தக் கோலில் ஏறக்குறைய இரண்டு மடங்கைத் தாண்டினால், சொன்ன சராசரியைச் சந்தேகிக்கலாம். சொன்னது சரியாக இருந்தும் தற்செயலாக இவ்வளவு விலகுவது இருபதில் ஒரு தடவைதான்.

ஆனால் நாலே மாதிரி என்றால்? அந்தக் கோலையே நம்ப முடியாதே!

1906-ல் காஸெட் லண்டனுக்குப் போய், பேராசிரியர் கார்ல் பியர்ஸனின் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அதைச் சரிபார்க்க அவர் செய்த காரியம் வேடிக்கையானது. 3,000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைத் துண்டுகளில் எழுதி, சீட்டுக்கட்டைப் போல நன்றாகக் கலைத்து, நாலு நாலாக 750 கூட்டங்கள் எடுத்தார். கணக்கும் சீட்டும் ஏறக்குறைய ஒத்துப்போயின. இன்றைய அட்டவணைப்படி, நாலு மாதிரிகளுக்கு எல்லை இரண்டு அல்ல, 3.18, பத்து மாதிரிகளுக்கு 2.26. குறைவாகப் பார்த்தவன் அதிகமாகத் தயங்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

1908-ல் "பயோமெட்ரிகா" பத்திரிகையில் கட்டுரை வந்தது. ஆசிரியர் பெயர் "ஸ்டூடண்ட்" - மாணவர்! ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதக் கம்பெனி இடம் கொடுக்கவில்லை. பின்னால் ரொனால்ட் ஃபிஷர் அந்தக் கணக்குக்கு முறையான நிரூபணம் தந்து, 1925-ல் தம் நூலின் மூலம் உலகெங்கும் பரப்பினார். 1937-ல் காஸெட் காலமானார். இன்றும் கல்லூரிப் பிள்ளைகள் "ஸ்டூடண்ட் சோதனை" என்றே படிக்கிறார்கள். அந்த மாணவர் யாரென்று கேட்பவர்கள் குறைவு.

நாமோ நாலு பேரைப் பார்த்துவிட்டு ஓர் ஊருக்கே குணம் எழுதிவிடுகிறோம். கதை எழுதுகிறவர்களுக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம். நாலு பேரை வைத்துப் பேசக் கூடாதென்று காஸெட் சொல்லவில்லை. பேசலாம், நாலு பேருக்கு உரிய அடக்கத்தோடு பேச வேண்டும், அவ்வளவுதான்.