புத்தளக் கரையும் அதன் மக்களும்

கொழும்பிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் கடற்கரைப் பாதை, நீர்கொழும்பைக் கடந்து மகா ஓயாவின் பாலத்தில் ஏறி இறங்கியதும் புத்தளம் மாவட்டத்தினுள் நுழைந்துவிடுகிறது. பாமன்கடையிலோ வெள்ளவத்தையிலோ வாழும் நம்மில் பலருக்கு அந்தப் பிரதேசம் மன்னாருக்கும் அநுராதபுரத்துக்கும் போகும் வழியில் தேநீர் அருந்தும் இடம், அதற்குமேல் ஒன்றுமில்லை. தலைநகரிலிருந்து சுமார் 130 கிலோமீற்றர் தொலைவிலுள்ள இவ்வூரைப் பற்றி நமது பாடநூல்கள் உப்பையும் சீமெந்தையும் சொல்லி நிறுத்திக்கொள்கின்றன. தமிழ்மொழி இந்நாட்டில் எவ்வாறு வாழ்கிறது, எவ்வாறு மறைகிறது என்பதை அறிய விரும்புவோன் படிக்கவேண்டிய முதல் ஏடு இந்தக் கரையே என்பது என் துணிபு.

மாவட்டத்தின் தென்பகுதி ஈரமான மண். தென்னை ஓங்கிய நிலம். தெங்கு ஆராய்ச்சி நிலையம் 1929இல் நிறுவப்பட்டு லுணுவிலையில் அமைந்தது தற்செயலன்று. சிலாபத்தைத் தாண்டத் தாண்ட மழை குறைகிறது. முட்புதரும் மணலும் உப்பளமும் தோன்றுகின்றன. தரைக்கும் கற்பிட்டிக் குடாநாட்டுக்கும் இடையே 32,700 ஹெக்டேயர் பரப்பில் களப்பு விரிந்து கிடக்கிறது. அதற்கும் வடக்கே வில்பத்துக் காடு. புதிய அளம் புத்தளமாயிற்று என்பர். முத்துக் குளிக்கும் சலாபமே சிலாபமாயிற்று என்பர். ஊர்ப்பெயர் ஆராய்ச்சி வழுக்குநிலம்; ஆயினும் உப்பும் முத்தும் இக்கரையின் ஆதிச் செல்வங்கள் என்பதில் ஐயமில்லை.

விசயன் வந்து இறங்கிய தம்பபண்ணி இங்கேதான் இருந்தது என்று கருதுவோர் உளர். கதை கதையாகவே இருக்கட்டும். பொன்பரப்பியில் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டவை தாழிகள். 1950களிலும், பின்னர் 1970இலும் நடந்த அகழ்வுகளில் மனித எலும்புகளைக் கொண்ட ஈமத்தாழிகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்தோர், கடலுக்கு அப்பால் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அவற்றை ஒப்பிட்டனர். இதைக் கொண்டு 'முதலில் வந்தவர் யார்' என்ற வழக்கைத் தொடுப்போரும் நம்மிடையே இருக்கின்றனர். தாழிக்குள் கிடக்கும் எலும்பு எந்த மொழியும் பேசாது. இரு கரைகளும் ஒரே பண்பாட்டின் கரைகளாய் இருந்தன என்பது மட்டுமே அங்கிருந்து பெறக்கூடிய செய்தி.

1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட இபின் பதூதாவை, காற்று இக்கரையில் ஒதுக்கியது. மரச்சுவரும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த சிறு நகராகப் புத்தளத்தை அவர் வருணிக்கிறார். ஆற்றுவெள்ளம் அடித்துவந்த கறுவாக் கட்டைகள் கரையில் குன்றுகளாகக் குவிந்து கிடந்தனவாம். அங்கே அவரை வரவேற்ற ஆரியச்சக்கரவர்த்திக்குப் பாரசீக மொழி விளங்கியது. பாவா ஆதம் மலைக்குப் போகவேண்டும் என்று அந்த முஸ்லிம் யாத்திரிகர் கேட்டபோது, தமிழ் மன்னன் பல்லக்கொன்றைக் கொடுத்து, நான்கு யோகிகள், மூன்று பிராமணர், தன் பரிவாரத்தினர் பதின்மர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் ஆகியோரைத் துணையாக அனுப்பினான். இந்தக் காட்சியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

அந்நியர் ஆட்சியின் வரலாற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. முன்னேஸ்வரத்தைப் போர்த்துக்கேயர் இடித்தனர். பின்னர் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் காலத்தில் அது மீண்டும் எழுந்தது. ஒல்லாந்தர் 1667இல் கற்பிட்டியில் கோட்டை கட்டத் தொடங்கினர். கண்டி இராச்சியத்தின் கடல்வாணிபத்தை நெரிப்பதே அவர்தம் நோக்கம். 1795இல் அது பிரித்தானியர் கைக்கு மாறியது. அந்தக் கற்பிட்டியிலேதான் 1807இல் சைமன் காசிச்செட்டி பிறந்தார். 1834இல் இலங்கையின் ஊர், ஆறு, குடி அனைத்தையும் அகரவரிசையில் தொகுத்து ஆங்கிலத்தில் நூலாக்கியவரும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றை முதன்முதல் நூலுருவில் தந்தவர்களுள் ஒருவரும் அவரே. அவருடைய ஊரை இன்று உல்லாசப் பயணிகள் ஓங்கில் பார்க்க வரும் இடமாகவே அறிகிறோம்.

மொழியின் கதைக்கு வருவோம். மாரவில, வென்னப்புவ, சிலாபம் ஆகிய கரைகளில் வாழும் கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் பலரின் முன்னோர் பல நூற்றாண்டுகளாகத் தென்னிந்தியக் கரைகளிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். வர்ணகுலசூரிய, குருகுலசூரிய என்னும் குடிப்பெயர்கள் இன்றும் அவர்களிடம் உண்டு. வீட்டில் தமிழும் சந்தையில் சிங்களமுமாக அவர்கள் இருமொழியில் வாழ்ந்தனர். வென்னப்புவைக்கு அண்மையிலுள்ள போலவத்தையில் 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் பாதிரியார் தமிழிலும் சிங்களத்திலும் சமய நூல்களை எழுதியமைக்குக் காரணம், அவருடைய மந்தைக்கு இரண்டும் வேண்டியிருந்தமையே.

இந்த இருமொழி வாழ்வைக் குலைத்தது வாளன்று, பள்ளிக்கூடம். 1945இலிருந்து ஆரம்பக் கல்வி தாய்மொழியில் நடைபெறவேண்டும் என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலத்தின் ஏகபோகத்தை உடைத்த நற்கொள்கை அது. ஏழையின் பிள்ளைக்கு வாயிலைத் திறந்தது. ஆயின் இரு மொழிகளைத் தாய்ப்பாலோடு உண்ட குழந்தைக்குத் தாய்மொழி எது? அதைப் பெற்றோர் முடிவுசெய்தனரா, பாடசாலையை நடத்திய சபை முடிவுசெய்ததா? கத்தோலிக்கக் கரையில் போதனாமொழி சிங்களமாயிற்று. 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியானதும், அரச உத்தியோகத்தை நாடிய தகப்பன் தயங்குவதற்கு ஏதுமிருக்கவில்லை. 1958உம் 1983உம் மீதியைச் செய்தன. பாட்டி தமிழிற் செபித்தாள். மகள் இரு மொழியும் பேசினாள். பேரன் சிங்களவன் என்று பதிவாகினான். கடலில் மட்டும் தெப்பமும் வாடியும் எஞ்சின.

இவர்களை இழந்துவிட்டோம் என்று ஒப்பாரி வைப்பது வீண்வேலை. தமது வயிற்றுக்கும் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கும் ஏற்றதை அவர்கள் தெரிந்தனர். அத்தெரிவு சுதந்திரமானதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. பக்கத்திலிருக்கும் உடப்பு அதே கடலை நம்பி வாழ்ந்தும் தமிழை விடவில்லை. அங்கே திரௌபதை அம்மன் கோயிலும், ஆண்டுதோறும் நிகழும் தீமிதிப்பும், பாரதக் கதையும் ஊரை ஒன்றாகக் கட்டிவைத்தன. தமிழ்ப் பாடசாலையும் இருந்தது.

1981ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் மாவட்டத்தின் மக்கள் ஏறத்தாழ 4 இலட்சத்து 93 ஆயிரம். அவர்களுள் முஸ்லிம்கள் நூற்றுக்குப் பத்துப் பேரளவினர். 2012இல் மக்கள் 7 இலட்சத்து 62 ஆயிரமாயினர். முஸ்லிம்களின் பங்கு ஏறக்குறைய இருமடங்காகி நூற்றுக்குப் பத்தொன்பதாயிற்று. தமிழர் நூற்றுக்கு ஆறு ஏழு பேராகவே இருந்தனர். இந்த எண்களை எடுத்துக்காட்டி, முஸ்லிம்கள் பெருகுகின்றனர் என்று பயமுறுத்துவோர் உண்டு. எண்களுக்குப் பின்னாலுள்ள நிகழ்ச்சியை அவர்கள் சொல்வதில்லை. நாமும் சொல்வதில்லை, ஏனெனில் அது நமக்கு வெட்கம் தருவது.

1990 ஒக்டோபரில், வடமாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை விடுதலைப் புலிகள் அவர்களுடைய மண்ணிலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் ஏறியோர் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். பெரும்பாலோர் தங்கியது புத்தளம் மாவட்டத்திலேயே. ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. உப்புநீர் ஊறும் மணலில் குடிநீருக்கும், கூலிவேலைக்கும், பாடசாலையில் ஓர் இருக்கைக்கும் வந்தவரும் உள்ளூரவரும் போட்டியிட நேர்ந்தது. 2009இல் போர் முடிந்தபின் சிலர் திரும்பினர். பலருக்குத் திரும்பிச் செல்ல வீடும் இல்லை, காணியும் இல்லை. அம்மக்கள் பேசும் மொழி தமிழ். புத்தளம் மாவட்டத்தில் இன்று தமிழைப் பேசுவோரில் மிகப் பெரும் பகுதியினர் முஸ்லிம்களே. தமிழைக் காப்பதாகச் சொல்லித் துப்பாக்கி ஏந்தியோர் துரத்திவிட்ட மக்களே இக்கரையில் தமிழைக் காத்து நிற்கின்றனர். அறுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் மன்னன் அனுப்பிய பல்லக்கை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

புத்தளத்துக்கு அருகே சிறாம்பியடியில் வாழும் காப்பிரி இனத்தவரைப் பற்றியும் ஒரு சொல். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். சில குடும்பங்களே எஞ்சியுள்ளன. பேச்சு சிங்களமாகிவிட்டது, போர்த்துக்கேயம் கலந்த பழைய மொழி அவர்களுடைய மஞ்சா பாடல்களில் மாத்திரம் உயிர் தரித்திருக்கிறது. நீர்கொழும்பு மீனவனுக்குத் தெப்பம் எஞ்சியதுபோல.

மக்கள் பெயர்ந்தது போதாதென்று நிலமும் உருமாறிவருகிறது. 1980களில் முந்தல், உடப்புப் பகுதிகளில் இறால் வளர்ப்புப் பரவியபோது கண்டற்காடுகள் வெட்டப்பட்டுக் குளங்களாயின. 1996இல் வெண்புள்ளி நோய் பரவி இறால்கள் மடிய, பணம் போட்டோர் பலர் போய்விட்டனர், உவர்ப்பேறிய குளங்கள் கிடந்தன. நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கிய அனல்மின் நிலையம் 2014இல் 900 மெகாவாற்றாக நிறைவுற்றது. அதன் மின்னொளியில் நாம் இரவில் படிக்கிறோம். அதன் சாம்பல் அயற்கிராமங்களின் மிளகாய்த் தோட்டத்தில் விழுகிறது. 2017 ஏப்பிரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து ஏழை மக்களைப் புதைத்தபின், கொழும்பின் குப்பைக்கு அரசு கண்டுபிடித்த இடம் புத்தளத்திற்கு வடக்கேயுள்ள அருவக்காலு. சீமெந்துக்காகச் சுண்ணக்கல் தோண்டிய பள்ளம். 2018இல் புத்தளத்தில் முஸ்லிம்களும் சிங்களவரும் தமிழரும் சேர்ந்து மாதக்கணக்கில் வீதியில் அமர்ந்து எதிர்த்தனர். 2019இல் குப்பை லொறிகள் அவ்வழியே ஓடத் தொடங்கின. நமது தெருக்களிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட குப்பைதான்.