பொம்மைக்கு வாய்த்த குரல்

உதடு அசையாமல் பேசி, அக்குரல் பொம்மையின் வாயினின்று எழுவதாகக் கேட்போரை மயக்குவதே வென்ட்ரிலோக்விசம் என்னும் மாயக்குரற்கலை. ‘வயிற்றாற் பேசுதல்’ என்பது இவ்விலத்தீன் பெயரின் பொருள். பண்டைக் கிரேக்கர் இக்குரலைத் தெய்வ வாக்கென நம்பினர். உண்மையில் குரல் பிறப்பது தொண்டையில்; வேலை முழுதும் நாவினுடையது.

பகரமும் மகரமும் இரண்டு உதடும் கூடப் பிறப்பன என்று தொல்காப்பியர் வகுத்தார். ஆகவே, மழலையரும் மொழியும் ‘அப்பா’, ‘அம்மா’ என்னும் சொற்களே இக்கலைஞருக்கு அரியவை. மேற்பல்லில் நாவை ஒற்றித் தகர நகர ஒலிகளால் அவற்றை ஈடுசெய்வர்.

நாம் குடியேறி வாழும் மகாராட்டிர மண்ணில் இக்கலைக்கு முன்னோடி யஷ்வந்த் பாத்யே. 1916-ஆம் ஆண்டையொட்டி அவர் படைத்த பொம்மை ‘அர்தவட்ராவ்’. மராத்தியில் ‘அரைகுறை’ எனப் பொருள்படும் அப்பெயருடன், கண்ணுருட்டிக் கழுத்தசைத்து, அது அவையைச் சிரிக்கவைத்தது. பொறியியல் கற்ற மகன் இராமதாஸ் 1967-ஆம் ஆண்டு மேடையேறினார். தந்தை மறைந்த பின்னரும் பொம்மையின் வாய் மூடவில்லை. பேரர் சத்யஜித்தும் இத்தொழிலையே மேற்கொண்டார்.

உடன் அமர்ந்து கேட்டுக் கற்க ஒரு பிள்ளை இருக்கும்வரை குரல் மாய்வதில்லை. வேற்றுமொழிச் சூழலில் மக்களுக்குத் தமிழ் பயிற்றும் நாம் இதனை நினைவிற் கொள்வோமாக.