தனிப்பனைக் கள்ளு

போன சித்திரையில் லண்டனிலிருந்து வந்த மச்சான் ஒரு போத்தல் சிங்கிள் மால்ட் விஸ்கி கொண்டுவந்தான். விலை குறைந்ததுதான், ஆனால் நல்ல சாமான் என்றான். வாயில் வைக்குமுன் மூக்கைக் கிளாசுக்குள் விட்டு மணம் பிடிக்கச் சொன்னான். பிறகு நாலைந்து துளி தண்ணீர் விட்டு மறுபடி முகரச் சொன்னான். முதலில் ஆப்பிள் மணம். தண்ணீர் பட்டதும் பச்சைப் பலகையைச் சீவிய மணம். ‘சிங்கிள்’ என்றால் என்னடா என்று கேட்டேன். ஒரே ஒரு வடிசாலையில், முளைகட்டிய பார்லியும் தண்ணீரும் கொண்டு செப்புக் கலத்தில் வடித்து, மூன்று வருடத்துக்குக் குறையாமல் ஓக் பீப்பாவில் கிடந்தது என்றான். எனக்கு அம்மப்பாவின் முட்டிகள் ஞாபகம் வந்தன.

அம்மப்பா சீவல்காரர். மன்னாரில் தோட்டவெளிக்கும் பேசாலைக்கும் நடுவில் ஒரு பனங்கூடலில் பதினெட்டு மரம் சீவினார். இறக்கிய முட்டியை முதலில் காதருகே பிடிப்பார். உள்ளே கள்ளு பொங்கும் சத்தம் கேட்க வேண்டும். பிறகு நுரை. பால்போல் மெல்லிய நுரை பொருந்தி நின்றால் நல்லது. பெரிய குமிழியாகக் கிளம்பி உடனே வடிந்தால் முகத்தைச் சுளிப்பார். செத்த தேனீக்களைப் பன்னாடையால் வடித்து, பிளாவில் ஒரு மிடறு ஊற்றி, நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பார். வேலிக்கரை ஆண்பனைக் கள்ளில் இனிப்புக் குறைவு, ஆனால் கடைசிவரை கைக்காது என்பார். பதினெட்டு மரத்துக்கும் அவரிடம் இப்படி ஒரு கணக்கு இருந்தது.

பாளையில் சொட்டும்போது அது வெறும் இனிப்பு நீர். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீராகவே நிற்கும், காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால், முட்டியில் ஒட்டியிருக்கும் முந்தைய நாள் மண்டியே மரத்தின் உச்சியில் வைத்துப் புளிக்கத் தொடங்கிவிடும். காலையில் இனிப்பு, பின்னேரம் வெறி, மறுநாள் காடி. விஸ்கிக்கு வருடக்கணக்கில் வயது, கள்ளுக்கு மணிக்கணக்கில்தான். அதனால்தான் சுகமில்லாதவர்கள் ஒரு மரத்தைப் பேசிவைத்து, அதன் கள்ளை மட்டும் காலையில் குடித்தார்கள். அதுதான் தனிப்பனை. இன்னொரு முட்டியிலிருந்து ஒரு சொட்டும் அதில் சேரக்கூடாது. மரமேறியவரை முற்றத்தோடு நிறுத்திய வீடுகளும் அவர் நாக்கை நம்பித்தான் குடித்தன.

மன்னாரில் போர்த்துக்கேயர் 1560இல் கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இலங்கையில் சாராயத்தைக் குத்தகைக்கு விட்டுக் காசு பார்த்தார்கள். பிறகு 1912ஆம் ஆண்டின் மதுவரிச் சட்டம். யார் ஆண்டாலும் கள்ளும் சாராயமும் வருமானக் கணக்கில் ஒரு வரி, அவ்வளவுதான். எந்த மரத்துக் கள்ளு என்று ஒரு பதிவேடும் கேட்கவில்லை.

1970களில் சீவல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகின. அவை நல்லதே செய்தன, அதை மறைக்க மாட்டேன்: குத்தகைக்காரனின் பிடி தளர்ந்தது, அம்மப்பாவுக்கு ஒழுங்காகக் காசு கிடைத்தது. ஆனால் சங்கத்தின் கள்ளுத் தவறணையில் எல்லா முட்டியும் ஒரே பீப்பாவில் கவிழ்ந்தது. முதல்நாள் வேலிக்கரை முட்டியைக் கவிழ்த்துவிட்டு வந்தவர் அன்று இரவு சாப்பிடவில்லை என்று அம்மம்மா சொல்லுவா.

ஸ்கொத்லாந்திலும் இப்படித்தான் கலந்தார்கள். 1850களில் எடின்பரோவில் அன்ட்ரூ அஷர் என்பவர் கலப்பு விஸ்கியை விற்கத் தொடங்கிய பிறகு, தனி வடிசாலைகளின் சரக்கில் பெரும்பகுதி கலவைக்கே போனது. 1963இல் கிளென்ஃபிடிச் வடிசாலை தன் சிங்கிள் மால்ட்டை வெளிநாடுகளில் விற்க இறங்கிய பின்தான் அந்தச் சொல்லுக்கு உலகம் முழுக்க மதிப்பு வந்தது. அவர்கள் திரும்பிய வழியில் நாங்களும் திரும்பலாம். தவறணையில் பீப்பாவுக்குப் பக்கத்தில் நாலு முட்டியைத் தனியே வைத்து, சீவியவர் பெயரையும் மரத்தையும் ஒரு பலகையில் எழுதினால் போதும்.

அந்தப் போத்தலைத் திறந்த அடுத்த நாள் விடியற்காலையில் மச்சானைப் பனங்கூடலுக்குக் கூட்டிப்போனேன். இறக்கின கையோடு பிளாவில் ஊற்றிக் கொடுத்தார் சீவுகிற தம்பி. மச்சான் முதலில் முகர்ந்தான், விஸ்கியை முகர்ந்த மாதிரியே. குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“இது எந்த மரம், தம்பி?” என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “கிணத்தடி ஆண்பனை, அண்ணை. நேற்றையைவிட இண்டைக்கு இனிப்புக் கொஞ்சம் கூட” என்றார்.