மயில் முட்டை பொரியவில்லையா? தண்ணீர் ஊற்றும் முன் தராசை எடுங்கள்

கோழி முட்டை பொரிய 21 நாள். மயில் முட்டைக்குச் சுமார் 28 நாள். நான்கு வாரம் காத்திருந்த பிறகு, குஞ்சு ஓட்டுக்குள்ளேயே இறந்து கிடப்பதைப் பார்ப்பது வளர்ப்பவருக்குப் பெரிய ஏமாற்றம். பெண்மயில் ஓர் ஈட்டில் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு முட்டைகளே இடும். போனால் போகட்டும், நாளைக்கு வேறு முட்டை கிடைக்கும் என்று இருந்துவிட முடியாது.

இன்குபேட்டரில் அடைவைக்கும் பினாங்குவாசிகள் முதலில் கவனிக்க வேண்டியது ஈரப்பதம்.

நம் ஊர்க் காற்றே ஈரம்

தண்ணீர்த் தட்டை முதல் நாளிலிருந்தே நிரப்பி வைக்கும் வழக்கம் குளிர்நாடுகளின் வறண்ட காற்றுக்குப் பொருந்தும். ஜார்ஜ்டவுனில் அறைக்காற்று 28 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 80 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றை 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமலேயே கருவிக்குள் ஈரப்பதம் ஏறக்குறைய 47 விழுக்காடு இருக்கும். தட்டையும் நிரப்பினால் அளவு மீறிவிடும்.

ஈரம் கூடினால் முட்டையிலுள்ள நீர் போதிய அளவு ஆவியாகாது. அகன்ற முனையிலுள்ள காற்றறை பெரிதாகாது. ஓட்டை உடைக்கும் முன் குஞ்சு தன் முதல் மூச்சை அந்தக் காற்றறையில்தான் இழுக்கிறது. அங்கே இடமில்லாவிட்டால் திணறி இறந்துவிடும்.

குளிர்சாதன அறையில் நிலைமை நேரெதிர். 24 டிகிரி, 55 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றைச் சூடாக்கினால், கருவிக்குள் 25 விழுக்காடுதான் மிஞ்சும். அங்கே தண்ணீர் அவசியம். ஆகவே ஒரு வீட்டின் கணக்கு இன்னொரு வீட்டுக்கு உதவாது.

எடை சொல்லும் உண்மை

நம்பகமான வழி, சமையலறை டிஜிட்டல் தராசு. முட்டைகளை எண்ணிட்டு, அடைவைக்கும் நாளில் எடை குறித்துக்கொள்ளுங்கள். 25ஆம் நாளுக்குள் எடையில் 13 முதல் 15 விழுக்காடு குறைய வேண்டும். 100 கிராம் முட்டை 7ஆம் நாளில் சுமார் 96, 14ஆம் நாளில் 92, 21ஆம் நாளில் 88 கிராம் இருந்தால் சரி. எடை அதைவிடக் கூடுதலாக இருந்தால் தண்ணீரை எடுத்துவிடுங்கள். குறைவாக இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொரியாத முட்டை என்ன சொல்கிறது?

பொரியாததை வீசிவிடாமல் உடைத்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

• கரு வளர்ந்த அறிகுறியே இல்லை: முட்டை கருவுறவில்லை. ஆண்மயிலுக்கு வயது போதாமல் இருக்கலாம். இரண்டு, மூன்று வயதில்தான் முதிர்ச்சி வரும்.
• இரத்த வளையம் தெரிகிறது: முதல் வாரத்திலேயே கரு இறந்திருக்கிறது. நீண்ட நாள் சேமிப்பு, குலுக்கல், வெப்ப ஏற்ற இறக்கம் ஆகியவை காரணமாகலாம்.
• முழுதாக வளர்ந்த குஞ்சு, சுற்றிலும் நீர்: ஈரம் அதிகம்.
• குஞ்சின்மேல் சவ்வு காய்ந்து ஒட்டியிருக்கிறது: ஈரம் குறைவு, அல்லது கடைசி நாள்களில் மூடியை அடிக்கடி திறந்தது.
• துர்நாற்றம்: அழுக்கான முட்டை வழியாகக் கிருமி புகுந்திருக்கிறது.

குஞ்சுகள் நாள் கணக்குக்கு முன்பே வந்தால் வெப்பம் அதிகம், பிந்தினால் குறைவு.

வெப்பமும் திருப்புதலும்

விசிறியுள்ள கருவிக்கு 37.5 டிகிரி. விசிறி இல்லாததற்கு முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து சுமார் 38.5 டிகிரி. கருவியின் எண்ணை மட்டும் நம்பாமல், நல்ல வெப்பமானி ஒன்றை முட்டை உயரத்தில் வைத்து ஒப்பிடுவது நல்லது. மின்சாரம் தடைப்பட்டால் மூடியைத் திறக்கக் கூடாது.

முட்டையை நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து முறை திருப்ப வேண்டும். 25ஆம் நாளில் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 விழுக்காட்டுக்கு உயர்த்த வேண்டும். பினாங்கிலும் தண்ணீர்த் தட்டு தேவைப்படும் நேரம் இதுதான். காற்றுத் துளைகள் திறந்தே இருக்கட்டும்.

அடைவைக்கும் முன் முட்டைகளைச் சேர்த்து வைப்பதென்றால் ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம். தோட்டப்புற வீடுகளில் அடைக்கோழி இருந்தால், முதல் ஏழு முதல் பத்து நாள் அதனடியில் வைத்துவிட்டுப் பிறகு கருவிக்கு மாற்றலாம். கருவியில் மட்டுமே வைப்பதைவிட இது நல்ல பலன் தருவதாக அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் பலர் கருதுகின்றனர்.

உரிமம் கேட்டுக்கொள்ளுங்கள்

தீபகற்ப மலேசியாவின் காடுகளில் வாழ்ந்த பச்சை மயில் 1960களோடு மறைந்துவிட்டது. இன்று வீடுகளில் வளர்வது பெரும்பாலும் முருகன் வாகனமாக நாமறிந்த நீல மயில். எந்த மயிலானாலும், வளர்க்கும் முன் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உரிமம் தேவையா என்பதை பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஒவ்வோர் ஈட்டுக்கும் எடை, வெப்பம், ஈரம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்த முறை எங்கே தவறியது என்பதை அடுத்த ஈட்டுக்கு அந்த நோட்டே காட்டிக்கொடுக்கும்.