யார் போதிக்கலாம்?
தமிழ்த் திருச்சபையில் தனிமனித வேதபோதனை: ஒரு வரலாற்று நோக்கு

வேதாகமத்தைத் தாமே ஊன்றிக் கற்று, கற்றதை எழுத்தாலும் பேச்சாலும் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் விசுவாசி, குருப்பட்டம் பெறாதவராயினும், திருச்சபையின் போதனைப் பணியில் எத்தகைய இடம் பெறுகிறார்? இக்கேள்வி இன்று சென்னையின் மேற்குப் புறநகர்ப் போதகர்களை நாள்தோறும் சந்திக்கிறது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் ஞாயிறு ஆராதனைக்கு வரும் சபையார் பலர், வாரத்தின் மற்ற ஆறு நாட்களில் தாம் நேரில் கண்டிராத போதகர்களின் வேதபாடங்களைக் கைப்பேசியில் பெற்றுக் கற்கின்றனர். சிலர் தாமே அத்தகைய பாடங்களை எழுதி அனுப்புகின்றனர். இதைத் தடுப்பதா, கண்டும் காணாமல் விடுவதா, வரவேற்பதா என்று திருப்பணியாளர் தடுமாறுகின்றனர். நம்முடைய வரலாறு இதற்கு ஒளி தரக்கூடும் என்னும் நம்பிக்கையோடு அதைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

முன்னதாக ஒன்றை நினைவுகூர்வது நலம். இக்கேள்வி கிறிஸ்தவத்தோடு இம்மண்ணுக்கு வந்ததன்று. பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். வைசிய குலத்தவரான அவரைக் குருவாகக் கொள்ள, அண்மையிலுள்ள திருப்பெரும்புதூரில் பிறந்த இராமாநுசர் விரும்பினார் என்றும், குல வழக்கத்தைக் காட்டி நம்பிகள் அதற்கு இசையவில்லை என்றும் வைணவ மரபு கூறும். ஞானமுடையவர் ஒருவர், போதிக்கும் உரிமை பெற்றவர் வேறொருவர். இவ்விரண்டும் பொருந்தாதபோது எழும் நெருக்கடியை இவ்வூர் மக்கள் நெடுங்காலமாக அறிவர்.

சீர்திருத்தத் திருச்சபைகள் இந்நெருக்கடியைத் தம் பிறப்பிலேயே சுமந்தன. விசுவாசிகள் அனைவரும் ஆசாரியர் என்பதை 1520ல் லூத்தர் வலியுறுத்தினார். முறைப்படி அழைக்கப்படாத எவரும் திருச்சபையில் வெளியரங்கமாகப் போதிக்கலாகாது என்று 1530ன் அவுஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 14ஆம் பிரிவு கூறிற்று. முன்னது மட்டுமே நின்றால் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு சபை ஆகிவிடக்கூடும். பின்னது மட்டுமே நின்றால் சபையார் அனைவரும் வெறும் கேட்போராகிவிடுவர். ஆகவே இவ்விரண்டையும் ஒருங்கே பிடித்துக்கொள்ளக் கற்பதே நம் கடமையாயிற்று.

1. கேட்டு எழுதிய கடிதங்கள்

1706ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவை நாம் அச்சுக்கூடத்தோடும் 1715ல் நிறைவெய்திய தமிழ்ப் புதிய ஏற்பாட்டோடும் இணைத்தே நினைக்கிறோம். அவரும் உடனூழியரான கிரண்ட்லரும் 1712 முதல் 1714 வரை தமிழ் அறிஞரோடு நடத்திய கடிதப் போக்குவரத்தை நாம் அத்துணை நினைப்பதில்லை. கடவுள், பாவம், முக்தி, வாழ்க்கை நெறி முதலியவை பற்றி அவர்கள் வினாக்களை அனுப்பினர். தமிழர் தம் கருத்தை மறைக்காமல் எழுதினர். 99 கடிதங்கள் ஜெர்மானிய மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சேறின. கிறிஸ்தவர்களின் நடத்தையைக் குறைகூறும் பகுதிகளும் அவற்றில் உண்டு. போதிக்க வந்தவர் முதலில் கேட்டார். கேட்டதைத் தமக்குப் பாதகமான இடத்திலும் வெளியிட்டார். உபதேசத்தைப் பற்றி எழுத்தில் உரையாடும் மரபு நம் திருச்சபையில் இவ்வாறு தொடங்கிற்று.

இதே மனப்பாங்கைச் சென்னையிலும் காண்கிறோம். 1742ல் சென்னைப் பணியை ஏற்ற பப்ரிசியஸ் ஐயர், தம் மொழிபெயர்ப்பைக் கற்றோர்க்கும் கல்லாதோர்க்கும் வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்லக் கேட்டுத் திருத்தினார். புதுச்சேரி 1761ல் ஆங்கிலேயர் வசமானபோது அங்கிருந்து கொண்டுவரப்பட்ட அச்சு இயந்திரம் வேப்பேரி மிஷனுக்கு அளிக்கப்பட்டது. அவ்வச்சகத்தில் அவருடைய புதிய ஏற்பாடு 1772ல் வெளிவந்தது. பூவிருந்தவல்லிச் சாலையை அடுத்த அந்த வேப்பேரியில், பெயர் எழுதி வைக்கப்படாத எளிய சபையாரின் செவியும் நாவும் வேத மொழிபெயர்ப்பில் பங்கு பெற்றன. குருப்பட்டம் பெற்றவரின் நூல் சபையாரின் சோதனைக்கு உட்பட்டது என்பதே இதில் நாம் கவனிக்கத்தக்கது.

2. ஒரே எழுதுகோலின் இருவகை எழுத்து

குருப்பட்டமின்றித் தமிழ்த் திருச்சபைக்குப் பெரும் போதகராக விளங்கியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774 - 1864). சுவார்ச் ஐயரிடம் கற்று, சரபோஜி மன்னரின் ஆதரவைப் பெற்றவர் அவர். 'பெத்லகேம் குறவஞ்சி' வழியாகவும் எண்ணற்ற கீர்த்தனைகள் வழியாகவும் இரட்சிப்பின் உபதேசத்தை மக்கள் பாடும் மொழியில் கொடுத்தார். இன்றும் நம் சபைகளில் கிறிஸ்தியல் பெரும்பாலும் பிரசங்கத்தைவிடக் கீர்த்தனையாலேயே கற்பிக்கப்படுகிறது எனின் மிகையாகாது.

அதே சாஸ்திரியார் மிஷனெரிமாரை எதிர்த்தும் எழுதினார். பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பைத் திருத்தும் முயற்சியை அவர் கண்டித்தார். மக்கள் மனத்தில் பதிந்த வேதமொழியைக் கலைப்பதன் அபாயத்தை ஒரு கவிஞரின் செவி முன்னறிந்தது என்றே நாம் கொள்ளலாம். ஆனால் ஆலயத்தில் சாதி வேற்றுமை கூடாதென்று இளைய மிஷனெரிமார் வற்புறுத்தியபோது, வேளாளக் கிறிஸ்தவரின் சாதி வழக்கங்களுக்கு ஆதரவாகவும் அவர் எழுதுகோல் இயங்கிற்று. 1833ல் பேராயர் தானியேல் வில்சன் சாதி வேற்றுமை திருச்சபையில் அறவே ஒழிய வேண்டுமென்று சுற்றுமடல் விடுத்தார். தஞ்சைச் சபையில் பெரும் பிளவு உண்டாயிற்று.

இங்கே நாம் தயங்காமல் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒரே அப்பத்தில் பங்குபெறுவோரிடையே இருக்கையும் கிண்ணமும் வேறாக இருத்தல் நற்செய்திக்கு முரணானது. சாஸ்திரியாரின் புலமை அவ்வழக்கத்தை நியாயமாக்கிவிடாது. அவர் இவ்விடத்தில் வழுவியதால் அவர் பாடல்களும் பொய்யாகிவிடவில்லை. தனிப்பட்ட போதகர் ஒருவரை முழுவதும் ஏற்பது அல்லது முழுவதும் தள்ளுவது என்னும் எளிய வழி திருச்சபைக்கு இல்லை. எதையும் சோதித்து நலமானதைப் பிடித்துக்கொள்ளும் கடினமான வழியே அதற்குரியது.

3. தடை எதைச் சாதித்தது?

தடையின் பலன் யாது என்பதை ரேனியஸ் ஐயரின் வரலாறு காட்டுகிறது. அவர் குருப்பட்டம் பெற்ற மிஷனெரி. எனினும் தம் சங்கத்தின் நோக்கில் அவர் கருத்து தனிமனிதக் கருத்தே. 1814ல் சென்னைக்கு வந்து, 1820 முதல் பாளையங்கோட்டையில் பணியாற்றிய அவர், தமிழ் உபதேசியார்களுக்கு லூத்தரன் முறைப்படி குருப்பட்டம் அளிக்க விரும்பினார். இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயர் வழியாக மட்டுமே அது ஆகும் என்று சி.எம்.எஸ். சங்கத்தார் கூறினர். அத்திருச்சபையின் முறைமைகளைக் குறைகூறி அவர் ஒரு மதிப்புரையை அச்சிட்டு வெளியிட்டார். 1835ல் சங்கம் அவரைத் தன் பணியினின்றும் விலக்கிற்று.

விளைந்தது அமைதியன்று. உபதேசியார் பலர் அவரைத் திரும்ப அழைத்தனர். நெல்லைச் சபை இரண்டுபட்டது. 1838ல் அவர் காலமான பின்னரே பெரும்பாலோர் மீண்டும் இணைந்தனர். அவர் எழுப்பிய வினாவோ, தமிழ்ச் சபைக்குத் தமிழ்க் குருமார் போதிய அளவில் வேண்டும் என்னும் நியாயமான வினா. எழுதியவரை விலக்கியதால் அந்த வினா விலகிவிடவில்லை.

4. இரு மொழிகளின் இடைவெளி

இருபதாம் நூற்றாண்டில் சென்னையில் தோன்றிய பொதுநிலை இறையியலாளர் இருவர் நம் மாணவர் அனைவரும் அறிந்தவர். வழக்கறிஞர் வெங்கல் சக்கரை (1880 - 1958), நீதிபதி பாண்டிப்பெத்தி செஞ்சையா (1886 - 1959) ஆகிய இவர்கள் உறவினருமாவர். சக்கரை 'கிறிஸ்தவ தேசாபிமானி' எனப் பொருள்படும் பெயருடைய ஆங்கில வார ஏட்டின் ஆசிரியராக விளங்கினார். கிறிஸ்துவின் அவதாரம் ஒரு காலத்தில் நிகழ்ந்து முடிந்ததன்று, இன்றும் தொடர்ந்து இயங்குவது என்று அவர் கற்பித்தார். பரிசுத்த ஆவியானவரை உயிர்த்த கிறிஸ்துவோடு ஒன்றாகக் கொண்ட அவர் கருத்து, திரித்துவ உபதேசத்தைக் குலைக்குமோ என்னும் ஐயத்தை எழுப்பிற்று. செஞ்சையா கிறிஸ்துவைப் புதிய சிருஷ்டியின் தொடக்கமாகக் கண்டார்; அமைப்புற்ற திருச்சபையைக் கடுமையாகவே விமரிசித்தார். 1938 டிசம்பரில் தாம்பரத்தில் உலக மிஷனெரி மாநாடு கூடியபோது, இவர்களும் நண்பர்களும் இந்தியாவில் கிறிஸ்தவத்தை மீளச் சிந்திப்பது பற்றித் தொகுப்பு நூல் ஒன்றை வெளியிட்டு, கிரேமரின் இறையியலுக்கு விடை தந்தனர்.

அக்காலத்தில் பலருக்கு இடறலாயிருந்த இவ்வெழுத்துகள் இன்று இறையியல் கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளன. வாதத்துக்கு வாதமே விடையாக வந்ததால் திருச்சபையின் சிந்தனை வளர்ந்தது.

ஆயினும் ஒரு குறையைச் சுட்டாதிருக்கலாகாது. சக்கரை தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர்; சென்னை மாநகர மேயராகவும் இருந்தவர். தொழிலாளரின் கூலியையும் உரிமையையும் அறிந்த அவர், கிறிஸ்துவைப் பற்றிய தம் முதன்மையான நூல்களை ஆங்கிலத்திலேயே எழுதினார். ஆலைத் தொழிலாளிக்கு அவருடைய அரசியல் எட்டிற்று; அவருடைய இறையியல் எட்டவில்லை. இந்த இடைவெளிதான் பின்னர் மேற்குப் புறநகரில் வேறு வகையில் வெளிப்பட்டது.

5. தொழிற்புறநகரின் வீட்டுத் திண்ணை

இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு 1856ல் இரயில் ஓடத் தொடங்கியபோது அம்பத்தூரும் ஆவடியும் ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர்கள். நாடு விடுதலையடைந்தபின் அவற்றின் முகம் மாறிற்று. 1949ல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1955ல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மகாசபை சமதர்மப் பாங்கான சமுதாயத்தைக் குறிக்கோளாக அறிவித்தது. அதே ஆண்டில் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கிற்று. 1960களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. அம்பத்தூர் 2011ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019ல் தனி மாநகராட்சியாயிற்று.

வேலை தேடித் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்களுள் கிறிஸ்தவரும் இருந்தனர். அவர்கள் கீர்த்தனைப் புத்தகத்தையும் வேதாகமத்தையும் கொண்டுவந்தனர். தங்கள் போதகரைக் கொண்டுவர இயலவில்லை. ஆலயம் தொலைவில், ஷிப்டு முறை வேலையோ ஞாயிற்றுக்கிழமையையும் விட்டுவைப்பதில்லை. இந்நிலையில் வீட்டு ஜெபக்கூட்டமே சபையாயிற்று. வேதத்தை அறிந்த கடைசல் தொழிலாளியோ எழுத்தரோ ஆசிரியையோ அங்கே போதகரானார். திருச்சபை அவரை அனுப்பவில்லை; ஆனால் திருச்சபை இல்லாத இடத்தில் அவர் அதன் வேலையைச் செய்தார். அன்று கைப்பிரதியாகவும் பின்னர் ஒலிநாடாவாகவும் பரவிய அத்தகைய போதனையே இன்று கைப்பேசியில் பரவுகிறது.

இவற்றுள் சத்தியம் உண்டு, பிழையும் உண்டு. வியாதியஸ்தர் விசுவாசக் குறைவினாலேயே வருந்துகிறார் என்றும், கடன்பட்டவர் காணிக்கையால் செழிப்படைவார் என்றும் போதிக்கப்படும்போது, அதன் விலையை ஏழைக் குடும்பங்கள் கொடுக்கின்றன. மருந்தை நிறுத்திய நோயாளியின் படுக்கையருகே நிற்பவர் அந்தப் பாடத்தை அனுப்பியவர் அல்லர், அவ்வூர்ப் போதகரே. ஆதலால் இது வெறும் அதிகார எல்லை பற்றிய வழக்கன்று. ஆத்துமாக்களைப் பேணுதல் பற்றியது.

6. ஆக்கில்லாவின் வீடு

வரலாறு நமக்கு மூன்று அளவுகோல்களைத் தருகிறது. முதலாவது, போதிப்பவர் வினாவுக்கு இடம் தருகிறாரா? சீகன்பால்கு இடம் தந்தார். திரும்பக் கேட்க வழியில்லாத போதனை, எத்துணை வேதவசனங்களால் நிறைந்திருந்தாலும், ஐயத்துக்குரியது. இரண்டாவது, அப்போதனை கர்த்தருடைய பந்தியில் எல்லாரையும் ஒன்றாக அமர்த்துகிறதா, பிரிக்கிறதா? சாஸ்திரியாரின் எழுத்தில் நலமானதையும் தீயதையும் பிரித்துக் காட்டியது இவ்வளவுகோலே. மூன்றாவது, அது எளிய விசுவாசியின் மொழியில், அவன் வாழ்க்கையின் பாரத்தை அறிந்து பேசுகிறதா? இம்மூன்றாவதில் பெரும்பாலும் குற்றவாளிகளாக நிற்பவர்கள் குருப்பட்டமும் கல்வியும் பெற்ற நாமே.

அப்போஸ்தலருடைய நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் எபேசு பட்டணத்துக்கு வந்த அப்பொல்லோவைக் காண்கிறோம். வேதத்தில் வல்லவர், நாவன்மையுள்ளவர், எவரும் அனுப்பாமலே போதித்தவர். ஆனால் யோவானின் ஞானஸ்நானத்தை மட்டுமே அறிந்திருந்தார். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் அவர் பேச்சை முழுவதும் கேட்டனர். சபையின் நடுவே அவரை வெட்கப்படுத்தவுமில்லை. பிழையை அப்படியே விட்டுவிடவுமில்லை. தம்மிடம் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திருத்தமாக விளக்கினர். பின்னர் அகாயாவுக்குச் சென்ற அவருக்குச் சகோதரர் பரிந்துரைக் கடிதமும் கொடுத்தனர். திருத்தியவர்களோ கூடாரம் செய்யும் தொழிலாளர்.

நம் மேற்குப் புறநகர்ச் சபைகளில் அப்பொல்லோக்கள் குறைவில்லை. அவர்கள் எழுதுவதைப் போதகர் படிக்கிறாரா? ஒரு மாலை அவர்களை வீட்டுக்கு அழைத்து, வேதத்தைத் திறந்துவைத்து உரையாட நேரம் ஒதுக்குகிறாரா? இறையியல் மாணவர் தாம் கற்ற திரித்துவ உபதேசத்தை, இரவு ஷிப்டு முடித்து வரும் விசுவாசிக்குத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக்காட்டப் பயில்கின்றனரா? இவற்றைச் செய்யாமல் கட்டளை பிறப்பிப்போமாயின், 1835ன் பிழையையே மீண்டும் செய்தவராவோம். செய்வோமாயின், இன்று நம்மைக் கலங்கச் செய்யும் அப்போதகர் நாளை நம் உடனூழியராகலாம். அப்படிப்பட்டவர் கையில் பரிந்துரைக் கடிதம் கொடுத்தனுப்பும் துணிவைத் திருச்சபையின் தலைவர் நமக்கு அருளுவாராக.